கலசத்தில் இறக்கி வைத்த குரல்

மேலக்கரிசல் பேருந்து நிலையத்துக் கணினியின் உயிரைச் செப்புக் கலசத்தில் இறக்கி வைத்தது ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை காலை, சாத்தூர் பஸ் போன பிறகு சிவகாசி பஸ் வருவதற்கு முன்னால் கிடைத்த கால் மணி நேர இடைவெளியில். அதை வேடிக்கை பார்க்க ஊரில் யாரும் கூடவில்லை, ஏனென்றால் அதே நிலையத்துப் பிள்ளையாரும் போன பங்குனியில் திருப்பணிக்காக அதே மாதிரி ஒரு கலசத்தில் நாற்பது நாள் குடியிருந்துவிட்டுத்தான் தன் கல்லுக்குத் திரும்பிப் போயிருந்தார், ஆகவே இது நடக்கக்கூடிய காரியம்தான் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ராமதிலகத்துக்கு மட்டும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தக் கணினிக்குள் இருந்தது அவளுடைய குரல். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அவளுக்கு முப்பத்தாறு வயதாக இருந்தபோது, பொறியியல் கல்லூரிக்காரர் ஒருவர் அவளை அவள் வேலை பார்த்த டைம் ஆபீஸில் உட்கார்த்திவைத்து, வாயில் பனங்கற்கண்டை அடக்கிக்கொள்ளச் சொல்லி, ஊர்ப் பெயர்களையும் எண்களையும் ஒவ்வொன்றாகப் பேசவைத்துப் பதிந்துகொண்டு போனார். அவர் எழுதிக் கொடுத்த மென்பொருள் அந்தத் துண்டுகளை ஒட்டி ஒட்டி, "பயணிகளின் கவனத்திற்கு, ராஜபாளையம் செல்லும் பேருந்து மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படும்" என்று நாள் முழுக்கச் சொல்லும். அதற்குப் பிறகு ஆறு வருஷம் கழித்து அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. மதுரையில் அறுத்து எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போய்விட்டது. அன்றிலிருந்து அவள் செல்போனில் எழுதிக் காட்டியும் கை தட்டியும்தான் பிழைத்தாள். ஆனாலும் தினம் காலையில் வந்து கணினியை முடுக்கிவிட்டால், தலைக்கு மேலே குழாய் ஒலிபெருக்கியில் அவளே பேசுவாள். உலகத்தில் அவள் குரல் மிச்சமிருந்தது அந்த ஒரு பெட்டியில்தான்.

பெட்டிக்கு இப்போது வயசாகிவிட்டது. தபாலாபீஸ் பக்கத்தில் கணினிக் கடை வைத்திருந்த ஜெபராஜ் அதைத் திறந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பிப்போய் இருந்தன. பிராசசர் தொட்டால் கை சுட்டது.

"போர்டு, பிராசசர், ராம் மூணையும் மாத்தியாகணும் யக்கா. சாமான் மதுரையிலருந்து வர பத்து நாள் ஆகும். ஆனா விஷயம் அது இல்ல. டிஸ்க்குல இருக்கிற சிஸ்டம் இந்தப் பழைய போர்டையே உலகம்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. தூக்கிப் புதுசுல மாட்டுனா, நீலத் திரையக் காட்டி நின்னுக்கும். புதுசா சிஸ்டம் போட்டா வேலை செய்யும். போட்டா உங்க குரல் போயிரும்."

குரலை மட்டும் தனியாக நகல் எடுக்க முடியாதா என்று அவள் எழுதிக் காட்டினாள். எடுத்துப் பார்த்துவிட்டேன், வெறும் இரைச்சல்தான் வருகிறது, அந்த மனுஷன் பூட்டிய பூட்டு அப்படி என்றார் ஜெபராஜ். பூட்டியவர் வெளிநாடு போய் எந்த ஊரில் இருக்கிறார் என்று கல்லூரிக்கே தெரியவில்லை.

டைம் ஆபீஸ் வாசலில் விபூதித் தட்டோடு நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வைத்தியநாத குருக்கள், பிள்ளையாருக்கு மட்டுமில்லாமல் நிலையத்தில் எல்லார் விஷயத்திலும் மூக்கை நுழைப்பவர், உள்ளே வந்தார்.

"இதுக்குப் போய் ஏன் இப்படித் தவிக்கறேள்? திருப்பணின்னா என்ன, கர்ப்பகிருகத்தை இடிச்சு மாத்தறச்சே சாமியைப் புதுசாவா உண்டாக்கறோம்? கலசத்துல இறக்கி வச்சுட்டு, கல்லுக்கு ஆகவேண்டியதைப் பாத்துட்டு, திரும்ப ஏத்தறோம். அதே மாதிரி இதையும் இறக்கிடலாமே."

ஜெபராஜ் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற சர்ச்சுக்காரர். தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "கேபிளை எதுல விடணும் சாமி?" என்று கேட்டார்.

தண்ணீரில் விட்டார்கள். கலசத்துக்கு நூல் சுற்றி, மாவிலை செருகி, தேங்காய் வைத்து, குருக்கள் மந்திரம் சொல்லச் சொல்ல, டிஸ்க்கின் சத்தம் மெல்லத் தணிந்து அடங்கியது. கலசத்துத் தண்ணீர் வெதுவெதுப்பாயிற்று. செருப்புக் காலோடு ஆட்கள் நடமாடுகிற டைம் ஆபீஸில் கலசம் இருக்கக் கூடாது என்று குருக்கள் அதைப் பிள்ளையார் சந்நிதிக்குத் தூக்கிக்கொண்டு போனார். பத்து இருபதுக்குத் தேங்காய் லேசாக ஆடியது. "பயணிகளின் கவனத்திற்கு, சிவகாசி செல்லும் பேருந்து" என்று ஒலிபெருக்கிகள் வயர் இல்லாமலே பேசின. ஜெபராஜ் வயரின் அறுந்த நுனியை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனார், பயணிகள் சிவகாசி பஸ்ஸில் ஏறினார்கள், ராமதிலகம் தூணில் சாய்ந்து நின்று பெருமூச்சு விட்டாள்.

புதனும் வியாழனும் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. கலசம் கணினியைவிடச் சுத்தமாகப் பேசுகிறது, அந்தக் கரகரப்பு இல்லை என்றுகூடச் சிலர் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை சங்கடஹர சதுர்த்தி. குருக்களுக்குத் திருவேங்கடத்தில் ஒரு முகூர்த்தம். மதியத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனார். சந்நிதியில் கூட்டமான கூட்டம். பிள்ளையார் இருந்தார், தீபம் எரிந்தது, கலசம் இருந்தது, தீர்த்தம் கொடுப்பதற்குத்தான் ஆள் இல்லை. மாவிலையும் தேங்காயும் வைத்த கலசத்தைக் கண்டால் அந்த ஊர்க் கைகள் தாமாகவே குவிந்துவிடும். வரிசையின் முதலில் நின்றவள் பொன்னுத்தாய், வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள், நாற்பது வருஷமாக பஸ் ஜன்னல்களைப் பார்த்துக் கத்திக் கத்தித் தொண்டை தேய்ந்துபோனவள். "சாமி காரியம் நிக்கக் கூடாது" என்று அவளே தேங்காயை எடுத்து ஓரமாக வைத்து, வெள்ளரிக்கு உப்புத் தண்ணீர் தெளிக்கிற டம்ளரைக் கழுவி, முதல் மடக்கைத் தான் குடித்துவிட்டு, வரிசைக்கு ஊற்ற ஆரம்பித்தாள்.

ராமதிலகம் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டு குழாயடியிலிருந்து திரும்பும்போது தூரத்திலிருந்து அதைப் பார்த்தாள். நிறுத்துங்க என்ற ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல் அவளிடம் இல்லை. தூக்கைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு ஓடினாள். பாவம், தீர்த்தத்துக்காக இப்படி ஓடி வருகிறாளே என்று ஆட்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். அவள் போய்ச் சேர்வதற்குள் கடைசி ஆளும் ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டுவிட்டான். பொன்னுத்தாய் கலசத்தைக் கவிழ்த்துக் காட்டி, "ஒரு சொட்டு முன்னால வந்திருக்கக் கூடாதா தாயி?" என்றாள்.

ராமதிலகம் சந்நிதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு, வயிற்றில் அடித்துக்கொண்டு, சத்தமே வராமல் அழுதாள். தாங்கள் குடித்தது எதை என்று அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. நாற்பத்தொரு பேர் குடித்திருந்தார்கள். பன்னிரண்டு பத்துக்குக் கோவில்பட்டி பஸ் வந்து நின்றது, அந்த நிலையத்தில் முதன்முதலாக ஒரு பஸ் அறிவிப்பில்லாமல் வந்து நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் நின்றார்கள். அப்போது சாவி போடுகிற சங்கரலிங்கம், யாரோ வழிப்போக்கர் கேட்டதற்கு, இந்த பஸ் எங்கே போகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"கோவில்பட்டி."

ராமதிலகத்தின் குரல். கோவில் என்பதை ஒரு இழுப்பு இழுத்து, பட்டியில் மெல்ல வந்து நிற்கிற அதே குரல். சங்கரலிங்கம் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் தலை நிமிர்ந்தது.

அதற்குப் பிறகு நிலையமே தலைகால் புரியாமல் ஆயிற்று. ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊரையும் எண்ணையும் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். தன் மடக்கில் என்ன இறங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆளுக்கு ஆள் துடித்தார்கள். "சிவகாசி" செருப்புத் தைக்கிறவரிடம் இருந்தது. "கவனத்திற்கு" பூக்காரியிடம். "நடைமேடை" பஞ்சர் கடைக்காரரிடம். ஒரு போலீஸ்காரருக்கு "ஏழு" மட்டும்தான் கிடைத்தது, அதற்கே அவர் அன்று முழுக்க மணி ஏழா ஏழா என்று கேட்டுக்கொண்டு திரிந்தார். கட்டணக் கழிப்பறையில் உட்கார்ந்திருக்கும் வேலுச்சாமியிடம் போய்ச் சேர்ந்திருந்தது "புறப்படும்". பொன்னுத்தாய் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, வழக்கம்போல மூன்றாவது நடைமேடைப் பக்கம் போய், தன் உடைந்த தொண்டையால் பஸ் பேரைக் கத்தப் போனவள், அப்படியே நின்றுவிட்டாள். "ராஜபாளையம்" என்று தேன் மாதிரி வந்தது.

பதினொரு மணி பஸ்ஸுக்கு ஒருவர், பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு ஒருவர் என்றில்லை. ஒரு அறிவிப்புக்கு ஆறேழு பேர் வேண்டும். பூக்காரி தொடங்கி வைப்பாள், செருப்புத் தைக்கிறவர் அங்கிருந்து எடுப்பார், நடுவில் போலீஸ்காரர் ஏழு என்பார், பஞ்சர் கடை வாங்கிக்கொள்ளும், கழிப்பறை வாசலில் வேலுச்சாமி முடித்து வைப்பார். வாக்கியம் பூக்கடையில் புறப்பட்டு நிலையத்தைச் சுற்றி வந்து கழிப்பறையில் இறங்கும். இரண்டே நாளில் பயணிகளுக்கு அது பழகிவிட்டது, கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டே ஏறினார்கள். நாற்பத்தொரு பேரும் சொல்லாமல் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று நகராட்சி ஒரு உத்தரவு ஒட்டியது. வேலுச்சாமிக்கு ஒருநாள் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். "புறப்படும்" என்று சொல்ல ஆளில்லாததால் பதினேழு பஸ்கள் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு அங்கேயே நின்றன, கடைசியில் டிரைவர்கள் சேர்ந்து அவர் வீட்டுக்கு இட்லியும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு போய்க் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். பஸ்ஸுக்குப் போக வேண்டியது இல்லாதவர்கள்கூட அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வந்து பெஞ்சில் இடம் பிடித்தார்கள்.

ஆனால் ராமதிலகத்தை உலுக்கிப் போட்டது இது எதுவும் இல்லை. டீக்கடை முத்தையா மாஸ்டரும் ஒரு மடக்கு குடித்திருந்தார். அவர் எந்த ஊரைச் சொன்னாலும் எந்த எண்ணைச் சொன்னாலும் அவருடைய கட்டைக் குரல்தான் வந்தது. தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று மனசுக்குள் வருத்தம். சனிக்கிழமை சாயங்காலம் யாரோ ஒரு கண்டக்டர் ஏதோ சொல்ல, மாஸ்டர் சிரித்தார். அந்தப் பெரிய மீசைக்குக் கீழே ஒரு பெண் சிரித்தாள். கலகலவென்று, நடுவில் மூச்சு வாங்கி, மறுபடி கலகலவென்று.

ராமதிலகம் டீக்கிளாஸை அப்படியே கீழே வைத்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பதிவு நடக்கும்போது நடுவில் ஒருதரம் பனங்கற்கண்டு வழுக்கி வெளியே விழுந்துவிட, அடக்க மாட்டாமல் அவள் சிரித்த சிரிப்பு அது. அந்தக் கல்லூரிக்காரர் அதை வெட்டியெறியாமல் எங்கோ உள்ளே போட்டுவைத்திருக்கிறார். எந்த அறிவிப்பிலும் வராமல் அது அவ்வளவு காலமும் பூட்டிய பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. தன் குரலைத் தினம் கேட்டுக்கொண்டிருந்தவளுக்குத் தன் சிரிப்பு மறந்தே போயிருந்தது. அந்த வாரம் முழுக்க அவள் டீக்கடையை விட்டு நகரவில்லை. நிலையத்தில் தெரிந்த வேடிக்கைப் பேச்செல்லாம் மாஸ்டரிடம் வந்து குவிந்தது. அவர் அரைகுறையாகச் சிரித்தால், "யோவ், நல்லாச் சிரியும், அக்கா நிக்குதுல்ல" என்று அதட்டினார்கள். பாலைப் பொங்கவிட்டுவிட்டு அந்த மனுஷன் கண்ணில் தண்ணி வரச் சிரித்தார்.

மறு சனிக்கிழமை மதுரையிலிருந்து சாமான் வந்தது. புது போர்டு, புது பிராசசர், புது ராம். ஜெபராஜ் எல்லாவற்றையும் மாட்டிப் பளபளவென்று மேஜைமேல் வைத்தார். திரையில் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. கலசத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் என்ன, குடித்தவர்கள் இருக்கிறார்களே, நாற்பத்தொரு பேரும் கலசம்தான் என்று குருக்கள் முடிவு சொல்லிவிட்டார். கலசத்திலிருந்து உயிரை ஏற்றக் கட்டுகிற தர்ப்பைக் கயிறு அவ்வளவு நீளத்துக்குக் கிடைக்காததால் ஜெபராஜ் நீல நிற நெட்வொர்க் கேபிள் ஒரு கட்டு கொண்டுவந்தார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதை டைம் ஆபீஸிலிருந்து நடைமேடைகள் வழியாகச் சந்நிதிவரைக்கும் இழுத்து, குடித்தவர்களை வரிசையாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒவ்வொருவர் முகத்திலும் ஏதோ பிரிகிற களை. போலீஸ்காரர் ஒரு கையால் கேபிளைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஏழு ஏழு என்று இரண்டுதரம் சொல்லிக்கொண்டார்.

"எண்ணிட்டேன். நாப்பது பேர்தான் பிடிச்சிருக்காங்க," என்றார் ஜெபராஜ். பொன்னுத்தாய் மூன்றாவது நடைமேடையில் கூடையைக் கட்டிக்கொண்டு நின்றாள், கிட்டே வரவில்லை. ஆளாளுக்குக் கூப்பிட்டும் தலையை ஆட்டினாள். முகூர்த்தம் போகிறது, இருக்கிறதை வைத்து ஆரம்பிப்போம் என்று குருக்கள் மந்திரத்தைத் தொடங்கினார்.

கேபிளின் மறுமுனை ராமதிலகத்தின் கையில் இருந்தது. "மாட்டுங்க யக்கா," என்று ஜெபராஜ் பெட்டியின் பின்பக்கத் துளையைக் காட்டினார். அவள் அந்தத் துளையைப் பார்த்தாள். உள்ளே போனால் ஊர்ப் பெயர்கள் வெளியே வரும். சிரிப்பு வராது. வரிசையில் மாஸ்டர் மீசையைக் கடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். அவள் இடது கையால் சேலைத் தலைப்பை விலக்கி, கழுத்தில் மதுரைக்காரர்கள் போட்ட தையல் தழும்பின் குழியில் கேபிளின் நுனியை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"யக்கா! பெட்டி இங்க இருக்கு!" என்று ஜெபராஜ் பதறினார்.

குருக்கள் மந்திரத்தை நிறுத்தவில்லை. கையால் மட்டும் ஜெபராஜை அடக்கினார்.

முதலில் எண்கள் வந்தன. ஒன்றிலிருந்து ஒவ்வொன்றாக, குளிர்ந்த தண்ணீர் தொண்டையில் இறங்குவதற்குப் பதிலாக ஏறுவதுபோல் ஏறி வந்தன; அவற்றின் பின்னால் சாத்தூர் வந்தது, சிவகாசி வந்தது, கோவில்பட்டி தன் இழுப்போடு வந்தது, சங்கரன்கோவிலும் தென்காசியும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன, கவனத்திற்கு வந்தது பூ வாசனையோடு, புறப்படும் வந்தது லேசான காய்ச்சலோடு, ஒவ்வொன்று வரும்போதும் வரிசையில் ஒருவர் தோளைத் தளர்த்தி மூச்சு விட, கடைசியாக ஒன்று கலகலவென்று உருண்டு வந்து அவள் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. மாஸ்டர் தன் மீசையைத் தடவிப் பார்த்தார்.

அவள் கண்ணை மூடி அசையாமல் நின்றாள். ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு நிமிடம் போயிற்று. யாரோ அவளைத் தொட்டு எழுப்பப் போக, இப்போது ஜெபராஜ் பாய்ந்து தடுத்தார். "தொடாதீங்க, தொடாதீங்க! புது உடம்புல முதல்தடவ எந்திரிக்கிறப்ப எது எது எங்க இருக்குன்னு தேடும். லேட்டாத்தான் ஆகும். பொறுங்க."

மேலக்கரிசல் பொறுத்தது. டிரைவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டுப் பொறுத்தார்கள். ராமதிலகத்தின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தார்கள். சிரித்தாள். நடுவில் மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தாள். அது முப்பத்தாறு வயதுச் சிரிப்பு இல்லை. பெட்டிக்குள் இருந்த பன்னிரண்டு வருஷத்தையும் சேர்த்துக்கொண்டு, அவள் வயசுக்குத் தக்கபடி கொஞ்சம் தடித்து, கொஞ்சம் ஆழ்ந்து வந்தது.

"எல்லாரும் வயரை விடுங்கய்யா," என்றாள். "எம்புட்டு நேரம் பிடிச்சுக்கிட்டே நிப்பீங்க, கை வலிக்காதா?"

நிலையம் கூரை அதிரக் கத்தியது. மாஸ்டர் விசிலடித்தார், பூக்காரி கூடையோடு பூவை எடுத்து வீசினாள், போலீஸ்காரர் எதற்கென்று தெரியாமல் சல்யூட் வைத்தார். ஜெபராஜ் மட்டும் மேஜைமேல் இருந்த பெட்டியைப் பார்த்து, "அப்ப இது?" என்றார். "அதுக்குப் புதுசாவே சிஸ்டம் போட்டுருங்க தம்பி, கணக்கு எழுத ஆகும்," என்றாள் ராமதிலகம். பேசப் பேச அவளுக்கு ஆசை அடங்கவில்லை; குருக்களை, சங்கரலிங்கத்தை, வேலுச்சாமியைப் பேர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

மணி பதினொன்றாகப் போகிறது, ராஜபாளையம் பஸ் நிற்கிறது என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள். அவள் டைம் ஆபீஸுக்குள் ஓடி, தூசி படிந்த மைக்கைத் துடைத்து, பொத்தானை அழுத்தினாள். "பயணிகளின் கவனத்திற்கு," என்றாள். வெளியே எல்லாரும் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார்கள். மேலே சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. நாக்கு, உதடு எல்லாம் சரியான இடத்துக்குப் போயிற்று, சத்தம் மட்டும் இல்லை. மறுபடி முயன்றாள். அந்த ஊர் அவளிடம் இல்லை.

பொன்னுத்தாய் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி டைம் ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றாள்.

"களவாணின்னு நெனச்சிராத தாயி," என்றாள், பழைய உடைந்த குரலில். "சின்னப் பிள்ளையிலருந்து கத்துறேன். எங்க வீட்டு ஆளுகூட, வாயத் தொறக்காத, காக்கா கரையிற மாதிரி இருக்குன்னுதான் சொல்லுவாரு. இந்தத் தொண்டையில அழகா வந்தது அந்த ஒரு பேருதான். பத்து நாளா நான் சொன்னா ஆளுக திரும்பிப் பாக்குறாக. அதான் வயரைத் தொடல. இப்பக் குடுத்துறட்டுமா? குடுத்துறேன்."

கேபிள் இன்னும் சுருட்டப்படாமல் தரையில்தான் கிடந்தது. பொன்னுத்தாய் குனிந்து அதை எடுக்கப் போனாள். ராமதிலகம் மைக்கை விட்டு எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். ஆறு வருஷம் ஒரு சொல்கூட இல்லாமல் இருந்தவளுக்கு, ஒரு சொல் என்றால் என்ன என்று தெரியும்.

"வச்சுக்கங்கக்கா," என்றாள். "அது ஒங்களுது. நான் நிறுத்துற எடத்துல நீங்க சொல்லுங்க, போதும். போங்க, பஸ் நிக்குது."

பொன்னுத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது நடைமேடைக்கு ஓடினாள். ராமதிலகம் திரும்பவும் மைக்கின் முன்னால் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாகக் கூடை தலையில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டாள்.

"பயணிகளின் கவனத்திற்கு," என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"ராஜபாளையம்!" என்று நடைமேடையிலிருந்து பொன்னுத்தாய் சொன்னாள்.

"செல்லும் பேருந்து புறப்படும்," என்றாள் ராமதிலகம், டிரைவர் கியரைப் போட்டார்.